பெரிய மார்க்கெட்டும் ஃபைல் பாதையும்

பாண்டிச்சேரியில் "குபேர் மார்க்கெட் எங்கே?" என்று கேட்டால், "ஓ, பெரிய மார்க்கெட்டா!" என்றுதான் முதலில் பதில் வரும். 1963-ல் முதல்வரான எதுவார் குபேரின் பெயர் அதற்கு. நேரு வீதி வழியாகவும் நுழையலாம், ரங்கப்பிள்ளை வீதி வழியாகவும் நுழையலாம். உள்ளே இருப்பது அதே மீன், அதே பூ, அதே சத்தம். நேரு வீதி வாசலில் மட்டும் ஒரு வாட்ச்மேனை உட்கார வைத்துவிட்டு, "உள்ளே போன எல்லாருடைய கணக்கும் என்னிடம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் ஊரே சிரிக்காதா?

ஃபைல் கண்காணிப்பு என்ற பெயரில் உலவும் பல மென்பொருள்கள் இந்த வாட்ச்மேன் வேலையைத்தான் செய்கின்றன. ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கக் கேட்கும்போது கொடுக்கிற பெயரை அப்படியே லாகில் எழுதிவிட்டால் வேலை முடிந்ததாம்! அந்தப் பெயர் பல நேரம் அரைகுறை. "பூக்கடைக்கு அடுத்த கடை" என்றால், சொன்னவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் என்ன புரியும்? லினக்ஸின் ஆடிட், புரோகிராம் நின்ற டைரக்டரியைத் தனி வரியாகவே எழுதி வைக்கிறது. படிப்பவர்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2006-ல் லினக்ஸுக்கு வந்த 'ஓபன்அட்' இன்னொரு சிக்கல்: ஏற்கெனவே திறந்து வைத்த வேறொரு டைரக்டரியிலிருந்துகூட வழி சொல்லலாம்.

சரி, இரண்டையும் ஒட்டிவிட்டால்? போதாது. நடுவில் சிம்பாலிக் லிங்க் இருக்கலாம். ஹார்டு லிங்க் என்றால் குபேர் மார்க்கெட், பெரிய மார்க்கெட் கதைதான்: பெயர் இரண்டு, ஃபைல் ஒன்று, இரண்டு பெயருமே அசல். கன்டெய்னருக்குள் ஓடும் புரோகிராமுக்கோ ரூட்டே வேறு. எல்லாவற்றையும் விட மோசம், கண்காணிப்பவர் பெயரைப் படித்த பிறகு, கெர்னல் படிப்பதற்குள், இன்னொரு த்ரெட் அந்த எழுத்துகளை மாற்றிவிடலாம். லாகில் ஒரு ஃபைல், திறந்தது வேறு ஃபைல் :-)

ஆகவே கேட்ட பெயரை நம்பாமல், திறந்த ஃபைலிடமே விசாரிக்க வேண்டும். 2011 ஜனவரியில் கெர்னல் 2.6.37-ஓடு பயன்பாட்டுக்கு வந்த ஃபேநோட்டிஃபை, திறந்த ஃபைலையே ஒரு எண்ணாகக் கண்காணிப்பவர் கையில் கொடுக்கும், திறந்த புராசஸின் எண்ணையும் சேர்த்து. அதை வைத்து ப்ராக் டைரக்டரியில் தேடினால் முழுப் பாதை கிடைக்கும். அதுவும் தேடிய நேரத்துப் பாதைதான். நடுவில் பெயர் மாறியிருந்தால் புதுப் பெயர்தான் வரும். அதனால்தான் டிவைஸ் எண், ஐநோட் எண், நேரம் மூன்றும் லாகில் கட்டாயம் வேண்டும்.

"ஐநோட் எண் யாருக்குப் புரியும்? நிர்வாகிகள் பாதையில்தான் யோசிக்கிறார்கள்" என்பது ஆப்ஆர்மர் கட்சியின் வாதம். லேபிளை நம்பும் எஸ்இலினக்ஸ் கட்சியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் அது 2010-ல் கெர்னலுக்குள் வந்தது. படிக்கப் பாதை வேண்டும், மறுப்பில்லை. ஆனால் கேள்வித்தாள் ஃபைலைத் திறந்தான் என்று ஒரு மாணவனைக் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள், லாகில் இருப்பதோ வெறும் பெயர். "அந்த நிமிடம் அந்தப் பெயரில் இருந்தது எந்த ஃபைல்?" என்று அவன் திருப்பிக் கேட்டால், யார் பதில் சொல்வார்கள்?