வேற்றுக்கிரகச் சாமிக்கு யார் வரி கட்டுவது?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டியவன் நான். எந்தக் கதையைக் கையில் எடுத்தாலும் இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்றுதான் என் புத்தி முதலில் போகும். அறிவியல் புனைகதைகளில் எழுத்தாளர்கள் புதிதாகப் படைக்கும் மதங்களைப் படிக்கையில் இந்த அரிப்பு இன்னும் அதிகமாகிறது.

தமிழில் இன்று இளைஞர்கள் நிறைய எழுதுகிறார்கள், சந்தோஷம். வேற்றுக்கிரகத்தில் ஒரு கோயில் வரும். நீல வெளிச்சம், தரையில் புரளும் அங்கி போட்ட ஒரு குரு, ஆதி நட்சத்திரத்தைப் பற்றி ஒரு மந்திரம். அத்தோடு சரி. அந்தக் கோயிலுக்கு வெள்ளையடிக்க ஆள் கிடையாது. திருவிழாவுக்கு வீட்டுக்கு எவ்வளவு என்று நோட்டோடு வாசலில் நிற்க ஆள் கிடையாது. முதல் மரியாதை எந்த வகையறாவுக்கு என்று ஒரு சண்டைகூடக் கிடையாது. சண்டை இல்லாத கோயில் எந்தக் கிரகத்தில் ஐயா இருக்கும்?

எங்கள் சின்னாளப்பட்டிப் பக்கம் திருவிழா என்றால் முதலில் கூடுவது ஊர்க்கூட்டம். தலைக்கட்டு வரி இந்த வருஷம் எவ்வளவு? தறி நின்றுபோன வீட்டுக்கு என்ன செய்வது? திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பையன் தனித் தலைக்கட்டா, அப்பன் கணக்கிலேயே வருவானா? கல்யாணம் முடிந்த அன்றே புதுத் தலைக்கட்டுதான் என்று ஒரு கட்சி பேசும். தனியாக அடுப்பு வைத்தால்தான் என்று இன்னொரு கட்சி பேசும். இந்த ஒரு கேள்விக்காக ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தொண்டை கட்டக் கத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் நோட்டில் பேர் ஏறும். பேர் ஏறியவன் அந்த ஊர்க்காரன். அவன் சாமி கும்பிடுகிறானா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே நெசவாளர்களான தேவாங்கர் தெருக்களில் பெரியவர்கள் ஒரு பூர்வகதை சொல்வார்கள். தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் துணி நெய்ய, தேவல முனிவர் திருமாலின் உந்தித் தாமரையிலிருந்து நூல் வாங்கிக்கொண்டு வருகிறார். வழியில் அசுரர்கள் மறிக்கிறார்கள். சௌடேஸ்வரி அம்மன் தோன்றி அவர்களை வதம் செய்கிறாள். சிந்திய ரத்தம் ஐந்து நிறம். முனிவர் நூலை அதில் முக்கி எடுத்துச் சாயம் ஏற்றிக்கொள்கிறார். நூல் எங்கே வாங்குவது, வழியில் எவன் பறிப்பான், சாயத்துக்கு என்ன வழி? நெசவுக்காரனின் நித்தியக் கவலை மூன்றும் இந்தக் கதைக்குள் இருக்கின்றன. சும்மா உட்கார்ந்து யோசித்தால் இப்படி ஒரு கதை வராது. பாவு ஓட்டி, சாயத்தொட்டியில் கை வெந்தவர்களிடமிருந்துதான் வரும்.

வெளிநாட்டு ஆசிரியர்களில் விவரம் தெரிந்தவர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965-இல் எழுதிய ‘டியூன்’ நாவலில் பாலைவனக் கிரகத்து மக்களுக்குத் தண்ணீர்தான் எல்லாம். செத்தவனின் உடம்பில் இருக்கும் நீர்கூட அவன் கூட்டத்துக்குச் சொந்தம். ஒருவன் முன்னால் எச்சில் துப்பினால் அது மரியாதை. திண்டுக்கல் சமவெளியில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த மதம் சட்டென்று புரியும். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதைகளில் பூசாரிகள்தான் அணுமின் நிலையத்தை ஓட்டுகிறார்கள். எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்கே தெரியாது, மந்திரம் மாதிரி மனப்பாடம். ஆனால் ராஜா வாலாட்டினால் அரண்மனையில் விளக்கு அணைந்துவிடும்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் வருவது ரோஜர் ஜெலாஸ்னியின் ‘லார்ட் ஆஃப் லைட்’, 1967. வேறு கிரகத்தில் குடியேறிய பூமிக்காரர்களில் ஒரு கூட்டம், கையில் இருக்கும் இயந்திரங்களின் பலத்தில் பிரம்மா, யமன், காளி என்று நம் சாமிகளின் பேரைச் சூட்டிக்கொண்டு மற்றவர்களை ஆள்கிறது. மறுபிறவியும் அங்கே இயந்திர வேலைதான். வயதானவர் புது உடம்பு கேட்டுப் போனால் மனசைத் துழாவிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். காசு போட்டால் பிரார்த்தனையைப் பதிவு செய்யும் இயந்திரமும் உண்டு. உண்டியலும் ரசீதுப் புத்தகமும் ஒன்றாகச் சேர்ந்த சாமான் அது! நம் புராணத்தை அந்நியன் ஒருவன் இப்படிக் கலைத்துப் போட்டதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் கணக்குத் தெரிந்த மனுஷன்.

கதையைத் தாண்டி நிஜத்திலும் இதே கதைதான். அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருந்த எல். ரான் ஹப்பர்ட், 1950-களில் சயன்டாலஜி என்ற மதத்தைத் தொடங்கி, படிக்குப் படி கட்டணம் வைத்தார். 1993-இல் அமெரிக்க வருமான வரித்துறை அதற்கு வரிவிலக்கே கொடுத்துவிட்டது. இன்னொரு பக்கம், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஜெடாய். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,127 பேர் எங்கள் மதம் ஜெடாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2011-இல் அது 1,76,632 ஆகிவிட்டது. அவர்களிடம் யாரும் தலைக்கட்டு வரி கேட்கவில்லை என்பதுதான் காரணம் என்பேன். சந்தா கேட்காத சங்கத்தில் உறுப்பினர் நிற்க மாட்டார்.

தமிழில் இதன் பக்கத்தில் போனவர் சுஜாதா. ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில் எதிர்காலத்திலிருந்து வந்தவன் ஓய்வுபெற்ற சீனிவாசன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். முதலில் அவரைப் பைத்தியம் என்றவர்களே பிறகு சாமி என்கிறார்கள். ‘என் இனிய இயந்திரா’வில் நாடே வணங்கும் தலைவன் ஜீவா வெறும் ஹோலோகிராம். இரண்டுமே அருமை. ஆனால் ஜீவா மீதான பக்தி சர்க்கார் உத்தரவில் நடக்கிறது. நம் ஆட்களுக்கு உத்தரவு தேவையா என்ன? திருச்சிப் பக்கம் குஷ்புவுக்குக் கோயில் கட்டிய ரசிகர்கள் யார் சொல்லிக் கட்டினார்கள்? ஜீவாவுக்கு ஒரு தெருமுனைக் கோயில், அதற்கு ஒரு விழாக் கமிட்டி, கமிட்டியில் இரண்டு கோஷ்டி என்று அவர் எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

அடுத்து விண்வெளிக் கதை எழுத உட்காரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிரகத்துச் சாமிக்குப் பேர் வைக்கும் முன்னால், திருவிழா முடிந்த வாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் வரவு செலவு வாசிக்கும் கூட்டத்தில் போய் உட்காருங்கள். பந்தல்காரனுக்குப் பாக்கி எவ்வளவு, மேளத்துக்கு யார் உபயம், மிச்சப் பணம் யார் கையில் என்று அங்கே நடக்கும் பேச்சைக் கடைசி வரை கேளுங்கள். கதையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.