விற்பவருக்கு யார் முகவர்?

தில்லியின் மயூர் விகார், ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம் ஆகிய பகுதிகளில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில் மூத்த தலைமுறையினர் பலர் ஊர் திரும்ப எண்ணுகிறார்கள். மைய அரசின் அமைச்சகங்களில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். தில்லி வளர்ச்சி ஆணையம் குலுக்கலில் ஒதுக்கிய வீட்டுக்குத் தவணை கட்டி முடித்தவர்கள். பிள்ளைகள் வேறு நகரங்களில் இருக்கிறார்கள். நவம்பர் மாதத்துப் புகைக்காற்று முதிய நுரையீரலுக்கு ஒவ்வவில்லை. வீட்டை விற்றுவிட்டுக் கோவையிலோ திருச்சியிலோ எஞ்சிய காலத்தைக் கழிக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அவர்களுடைய வாழ்நாள் சேமிப்பு ஏறத்தாழ முழுவதும் அந்த மூன்று அறைகளுக்குள் இருக்கிறது.

அதை விற்றுத்தரும் பொறுப்பு, சந்தை முனையில் கண்ணாடிக் கதவிட்ட சிறு கடையில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. தில்லி வழக்கில் அவர் 'ப்ராப்பர்ட்டி டீலர்'. முதல் நாள் தேநீர் வரும். 'அங்கிள்ஜி' என்ற விளி வரும். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான ஒரு விலையும் வரும். ஒன்றரைக் கோடி கிடைக்குமா என்று தயங்கியபடி கேட்டவரிடம், ஒன்று எழுபதுக்குக் குறையவே குறையாது என்பார் அவர். அந்த எண்ணுக்காகவே வீட்டுச் சாவி கைமாறுகிறது. சந்தை மதிப்பீட்டுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் சாவி போய்விடாதிருக்கச் சொல்லப்பட்ட எண் அது.

அடுத்த ஆறு வாரங்களில் அவ்விலை கரையத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் யாரேனும் வருவார்கள், குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், நீர்க்கசிவு என்பார்கள், கிழக்கு வாசல் இல்லையே என்பார்கள். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வாங்க வந்தவர்கள், எத்தனை பேர் விலையைத் தளர்த்துவதற்காக அழைத்து வரப்பட்டவர்கள் என்பதை அறிய விற்பவருக்கு வழியில்லை. 'மார்க்கெட் விழுந்துவிட்டது அங்கிள்ஜி' என்ற சொல் வரும்போது ஒன்று முப்பத்தைந்தே பெரிதென்று தோன்றும் மனநிலைக்கு அவர் வந்திருப்பார்.

இதைத் தனிமனிதரின் நாணயக் குறைவு என்று மட்டும் கொள்வது பிழை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. தரகு பெரும்பாலும் விலையில் ஒரு விழுக்காடு. பல இடங்களில் இரண்டு. ஒரு மாதம் பொறுத்திருந்து ஆறு இலட்சம் கூடுதலாக விற்றால் அது உரிமையாளருக்கு ஆறு இலட்சம், முகவருக்கோ ஆறாயிரம். அந்த ஆறாயிரத்துக்காக ஒரு மாத அலைச்சலை அவர் ஏன் ஏற்க வேண்டும்? இன்றே முடித்தால் ஒன்றரை இலட்சத்தை ஒட்டிய தொகை உறுதி. ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கச் சூழலில் இதைத்தான் அளந்து காட்டியது. சிகாகோ வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வீட்டு விற்பனைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது அது வாடிக்கையாளரின் வீட்டைவிட ஏறத்தாழ 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் இருந்தது, 3.7 விழுக்காடு கூடுதல் விலைக்கும் போனது. தன் வீடென்றால் பொறுமை வருகிறது.

இந்திய நடைமுறையில் இன்னொரு முடிச்சும் உண்டு. இங்கே ஒரே முகவர் விற்பவரிடமும் தரகு பெறுகிறார், வாங்குபவரிடமும் பெறுகிறார். விலையை உயர்த்த வேண்டியது ஒருவருக்கு அவர் பட்ட கடமை. தாழ்த்த வேண்டியது மற்றவருக்குப் பட்ட கடமை. நீதிமன்றத்தில் ஒரே வழக்கறிஞர் இரு தரப்புக்கும் எழுந்து நின்றால் நகைப்புக்கிடமாகும். வீட்டு விற்பனையில் மட்டும் அது இயல்பாகக் கருதப்படுகிறது.

இவற்றினும் கொடியது முன்பணத்தின் பெயரால் நடப்பது. தில்லியில் இதைப் 'பயானா' என்பார்கள். வாங்குபவர் வெளியூரில் இருக்கிறார், அவர் சார்பில் தாமே கையெழுத்திடுவதாகச் சொல்லி, ஓரிரு இலட்சத்தைக் கொடுத்து, தம் பெயருக்கோ 'தாம் சுட்டும் நபருக்கோ' என்ற சொற்றொடருடன் விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்வார் முகவர். கெடு தொண்ணூறு நாள். அந்தத் தொண்ணூறு நாளும் அவர் அதே வீட்டை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் காட்டிக்கொண்டிருப்பார். பதிவு அலுவலகத்தில் உண்மையான வாங்குபவரை முதன்முறையாகச் சந்திக்கும் முதியவர், பேச்சுவாக்கில் அவர் கொடுத்த தொகையைக் கேட்டுத் திகைத்து நிற்பார். இடையில் பின்வாங்கவும் எளிதில்லை. ஒப்பந்தப்படி நடந்தே தீர வேண்டுமென நீதிமன்றம் ஆணையிடும் வாய்ப்பு 2018ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின் கூடியிருக்கிறது.

ரொக்கப் பணத்தின் கதையும் இதனோடு பிணைந்தது. 'நாற்பது விழுக்காடு கையில்' என்று முகவர் இயல்பாகச் சொல்வார், தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதுபோல. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், அசையாச் சொத்து விற்பனை தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைத் தடை செய்தது. மீறினால் பெற்ற தொகைக்கு நிகரான தண்டம். அந்தத் தண்டம் பெற்றவர்மீது, அதாவது விற்றவர்மீது விழும். யோசனை சொன்னவர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

இத்தனைக்கும் பிறகு, 'ரெரா' இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் முகவர் யார் என்று மிக விரிவாகவே வரையறுக்கிறது. தரகர், இடைத்தரகர், டீலர் என எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் அவர் முகவரே என்கிறது. ஆனால் பதிவைக் கட்டாயமாக்கும் ஒன்பதாம் பிரிவுக்கு வந்ததும் வாசல் சட்டென்று குறுகிவிடுகிறது. பதிவு செய்யப்பட்ட திட்டமொன்றில், கட்டுமான நிறுவனம் விற்கும் மனைக்கோ வீட்டுக்கோதான் அக்கட்டாயம். பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்ற கடும் தண்டமும் அந்த எல்லைக்குள் மட்டுமே. முப்பதாண்டுப் பழைய வீட்டை அதன் உரிமையாளர் மறுவிற்பனை செய்யும்போது, இடையில் நிற்பவர் எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. மகாராட்டிரத்தின் ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. பாராட்டத்தக்கது, அதுவும் இதே சட்டத்தின் சுவர்களுக்குள்தான். அரியானா 2008இலேயே சொத்து முகவர்களுக்கு உரிமம் வேண்டுமென்று தனிச்சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமாக அப்படி ஒன்று இல்லை.

வரி வாங்குவதில் மட்டும் அரசுக்கு மறதி இருந்ததில்லை. பல்லவர் காலச் செப்பேடுகளிலேயே தரகு ஒரு வரியினமாக இடம்பெறுகிறது. இன்று தரகுக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி. தரகைக் காணும் கண்ணுக்குத் தரகரின் கடமை தெரியாமற்போவது வியப்பு.

முகவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. குத்தகை உரிமையிலிருந்து முழு உடைமைக்கு மாற்றப்படாத ஆணையத்து வீடுகள், பொது அதிகார ஆவணத்தின் மூலம் மூன்று கை மாறியவை, மூல ஒதுக்கீட்டுக் கடிதம் தொலைந்தவை எனச் சிக்கலான சொத்துகளின் தாள்களைத் தேடிச் சேர்த்துச் சங்கிலியாக்கும் வேலையை அவர்களே செய்கிறார்கள். அதிகார ஆவணத்தால் உடைமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் அரியானா மாநிலத்துக்கு எதிரான வழக்கொன்றில் அறுதியிட்டபின் அந்த வேலை இன்னும் கடினமாகியது. இருபது வீடு காட்டிய முகவரை விலக்கிவிட்டு, வாங்குபவரும் விற்பவரும் பின்வாசல் வழியே கைகுலுக்கிக்கொள்வதும் அன்றாடம் நடப்பதுதான். ஒரு மாதம் அலைந்து ஒரு காசும் காணாதவர், அடுத்த முறை முன்கூட்டியே தன் பங்கைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார். எழுத்தில் ஒன்றுமில்லாமை இரு தரப்பையும் கெடுக்கிறது.

எழுத்து மட்டும் இருந்தால் சட்டம் உதவாமல் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவாண்மைக்குத் தனி இயலே ஒதுக்கியிருக்கிறது. முகவர் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213ஆம் பிரிவு. உரிமையாளருக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் வணிகம் செய்து ஈட்டிய ஆதாயத்தை உரிமையாளர் கோரிப் பெறலாம் என்கிறது 216. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுத்த பணி முடியும்வரை கூலி கேட்க முடியாது என்கிறது 219. முறைகேடாக நடந்துகொண்ட பகுதிக்குக் கூலியே இல்லை என்கிறது 220. தொண்ணூறு நாள் பயானா நாடகத்துக்கு இவற்றைவிடத் தெளிவான விடை தேவையில்லை. ஆனால் அவர் தனக்கு முகவராக அமர்த்தப்பட்டார் என்பதையே முதியவரால் மெய்ப்பிக்க இயலாது. கையில் இருப்பவை ஒரு விசிட்டிங் கார்டும், 'குட் மார்னிங் அங்கிள்ஜி' என்று பூக்களுடன் வந்த வாட்ஸ்அப் படங்களும்தான்.

இதற்கெனப் புதிய ஆணையம் எதுவும் வேண்டியதில்லை. ஒன்பதாம் பிரிவைக் கட்டுமான நிறுவனங்களின் விற்பனையோடு கட்டிவைத்திருக்கும் சில சொற்களை நாடாளுமன்றம் தளர்த்தினால், மறுவிற்பனை முகவரும் பதிவுக்குள் வருவார். அதனுடன், முகவர் யாருக்காகப் பணிசெய்கிறார், எவ்வளவு பெறுகிறார், எதிர்த்தரப்பிடமும் பெறுகிறாரா என்பவற்றைக் கூறும் ஒற்றைத்தாள் படிவத்தைக் கட்டாயமாக்கலாம். வாடகை ஒப்பந்தத்துக்கு ஆயத்தத் தாள் விற்கும் அதே கடைகளில் அதுவும் விற்கட்டும்.

சட்டம் வரும்வரை அந்தத் தாளை விற்பவரே எழுதிக்கொண்டு போகலாம்: எத்தனை மாதம், எத்தனை விழுக்காடு, ரொக்கம் இல்லை, ஒப்பந்தம் உண்மையான வாங்குபவரின் பெயரில் மட்டும். அதை நீட்டியதும் பல கடைகளில் தேநீர் பாதியிலேயே ஆறிப்போகும். 'நமக்குள் எதற்கு அங்கிள்ஜி இதெல்லாம்' என்று சிரிப்பார்கள். தெருக்கோடிக் கடை எதிலேனும் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, அத்தாளை முழுவதும் படித்துவிட்டு, மூன்று மாதத்தை நான்காக்கலாமா என்று பேரம் பேசினால், சாவியை அங்கே கொடுத்துவிட்டு வரலாம்.