கோட்டையின் முகம் எத்திசை?

வேலப்பன்சாவடியினின்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கி வரும் உழவர் ஒருவர், தம் முறையீட்டுத் தாளைக் கையிலேந்திச் சென்னைக் கோட்டையை அடைகின்றார். அவர் அதனை நிலத்தின் பக்கமிருந்து காண்கின்றார். தமிழ் மக்கள் அக்கோட்டையைக் கண்டதும் காண்பதும் பெரிதும் அவ்வாறே. ஆனால், அதனைப் படமாக்கி உலகிற்குக் காட்டியவர்களோ கடலின் பக்கமிருந்தே காட்டினர். எங்கு நின்று ஒன்றைக் காண்கின்றோம் என்பது, அஃது எவருடையது என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடும்.

ஆங்கிலக் கிழக்கிந்திய வணிகக் குழுமம் 1639-இல் சென்னையில் இடம்பெற்று, அடுத்த ஆண்டே கோட்டைப் பணியைத் தொடங்கிற்று. 1731-ஐ ஒட்டி, இலண்டனிலிருந்த தன் தலைமையகத்தை அணிசெய்தற்பொருட்டுத் தன் குடியேற்றங்களை ஓவியங்களாக வரையச் செய்தது. கட்டடங்களைச் சியார்ச்சு இலாம்பெர்ட்டும் கப்பல்களைச் சாமுவேல் இசுக்காட்டும் தீட்டினர். இருவருமே இந்நாட்டு மண்ணை மிதித்தவரல்லர்! 1754-இல் யான் வான் இரைன் என்பாரின் செதுக்கோவியமும் இலண்டனிலேயே அச்சேறிற்று. இவ்வோவியங்களில் கடலும் கலமும் முன்னின்றன. அவற்றின் பின்னே கோட்டை நின்றது. அதற்கும் பின்னே வாழ்ந்த மக்களோ மறைந்தே போயினர்.

தாமசு தானியேலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் நேரில் வந்து கண்டு வரைந்தவர்கள். 1797-இல் வெளிவந்த அவர்களின் படத்திலும் அலைகள் முன்னே, கோட்டை பின்னே. கயிற்றால் தைத்த படகுகளை அவ்வலைகளினூடே செலுத்தி, வணிகரையும் சரக்கையும் கரைசேர்த்தவர்கள் இம்மண்ணின் மக்கள். கோட்டைக்கு உழைத்த கைகள் படத்தில் இடம்பெற்றன. அக்கைகளுக்குரியோர் பெயர் இடம்பெறவில்லை. பின்னர் ஒளிப்படக் கருவி வந்தது. கொடிமரமும் தூண்களும் அஞ்சலட்டைகளில் ஏறிக் கடல் கடந்தன. கருவி மாறிற்றேயன்றிப் பார்வை மாறவில்லை.

அப்படத்தில் உண்மையான மாற்றம் நேர்ந்தது 1967-இல். ‘தமிழக அரசு – தலைமைச் செயலகம்’ என்னும் ஒளியெழுத்துப் பலகையை அறிஞர் அண்ணா அக்கட்டடத்தில் திறந்துவைத்தார். கல் மாறவில்லை, தூண் மாறவில்லை, எழுத்து மாறிற்று! அவ்வாண்டு சூலை 18-ஆம் நாள் தமிழ்நாடு என்னும் பெயருக்கான தீர்மானம் அக்கோட்டைக்குள்ளேயே நிறைவேறி, 1969 சனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. அப்பெயருக்காக உண்ணாநோன்பிருந்து 1956-இல் உயிர்நீத்த ஈகி சங்கரலிங்கனாரின் முகம் கோட்டைப் படங்கள் எவற்றிலும் இல்லை. ஆயினும், அவ்வெழுத்துகளுக்கு அடியில் கிடப்பது அவருடைய உயிரேயன்றோ? 1974 முதல் விடுதலை நாளன்று அக்கொத்தளத்தில் கொடியேற்றும் உரிமை, ஆளுநரிடமிருந்து மக்கள் தேர்ந்த முதலமைச்சருக்கு வந்தது. படத்தின் நடுவே நிற்பவரும் மாறினார்.

இவ்வளவும் வெளித்தோற்றம். உள்ளே நிகழ்வதென்ன? தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இலேயே பிறந்தது. அரசாணைகளைத் தமிழிலேயே வெளியிடுக என்று 2025-இலும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. அறுபத்தொன்பது ஆண்டுகட்குப் பின்னரும் ஒரு சட்டத்தை நினைவூட்ட வேண்டியிருந்ததெனின், பலகையில் ஏறிய தமிழ் கோப்பில் முழுமையாக ஏறவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? முகப்பிலே தமிழும் உள்ளறையிலே ஆங்கிலமுமாக நிற்கும் கட்டடம், இலண்டன் ஓவியத்திலுள்ள கோட்டையைப் போன்றதே. அதற்கும் மக்கள் பின்னேதான் நிற்கின்றனர்.

இக்கோட்டையின் பழம்படங்களைத் தேடித் தொகுத்து, ஆண்டு வரிசையில், தூய தமிழ் விளக்கத்துடன் பள்ளிதோறும் காட்டுதல் வேண்டும். வரைந்தவர் எங்கு நின்றார், எவர் பொருட்டு வரைந்தார், எவரை விடுத்தார் என்று இளையோர் கேட்கப் பழகவேண்டும். அத்தொகுப்பின் இறுதிப் படம் இனித்தான் எடுக்கப்படவேண்டும். வேலப்பன்சாவடியிலிருந்து வந்த அவ்வுழவர், தமக்கு வந்த விடையைத் தம் மொழியிலேயே தாமே படித்தறிந்து, எவருடைய உதவியுமின்றித் தலைநிமிர்ந்து அவ்வாயிலைக் கடந்து செல்லும் படமே அது.

அன்றுதான் கோட்டை தன் முகத்தைக் கடலினின்று நிலத்தின் பக்கம் திருப்பியதாகும்.