“உங்க ஃபைல் சரியில்லை சார்”

இந்த நாலு வார்த்தையைக் கேட்காத ஓய்வூதியர் நம் ஊரில் யாராவது இருக்கிறீர்களா? அறுபதாம் கல்யாணப் பத்திரிகை, பேத்தியின் காதுகுத்து அழைப்பிதழ், சங்கத்து ஆண்டு மலர், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று எதை அச்சடிக்கப் போனாலும், கைக்கு வரும் தாளில் சுவாமி படத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டமோ வெள்ளைக் கட்டமோ உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் கடைத் தம்பி தலையைக்கூட நிமிர்த்தாமல் இதைத்தான் சொல்கிறார். என்ன சரியில்லை என்று திருப்பிக் கேட்டால் அவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் சமாசாரம், நமக்கென்ன தெரியும் என்று நாமும் மறு அச்சுக்குப் பணத்தை எடுத்து வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

எடுத்து வைக்காதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆஃப்செட் அச்சகத்தில் ப்ராசஸ் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

போன மாதம் நடந்தது இது. என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர், மனைவியின் முதல் வருட நினைவஞ்சலி அட்டை 300 அடிக்கக் கொடுத்தார். பழைய குரூப் போட்டோவிலிருந்து அந்த அம்மாவின் முகத்தை மட்டும் பேரன் வெட்டியெடுத்து, வெளிர் ரோஜா நிறப் பூக்களின் மேல் வைத்து அழகாகப் பண்ணியிருந்தான். போனில் நன்றாக இருந்தது. கடைத் திரையிலும் நன்றாக இருந்தது. அச்சாகி வந்த 300 அட்டையிலும் அந்த அம்மாள் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தார். மறுநாள் திதி. ஃபைல் சரியில்லை, மறுபடி அடிக்க முழுப் பணம் வேண்டும் என்றார்கள். மனிதர் வாக்குவாதம் செய்கிற நிலையிலா இருப்பார்?

விஷயம் தெரிந்து அன்று மாலையே நான் கடைக்குப் போனேன். “தம்பி, அதே ஃபைலைத் திற. பிரிண்ட் கொடுக்கிற இடத்தில் அட்வான்ஸ்டு என்று ஒரு பட்டன் இருக்கிறதா? உள்ளே ‘பிரிண்ட் அஸ் இமேஜ்’ என்பதில் டிக் போட்டு ஒரே ஒரு தாள் எடு” என்றேன். எடுத்தார். கட்டம் இல்லை. ஒரு புள்ளிகூட மாற்றாத அதே ஃபைல். “இப்ப சொல்லு, எது சரியில்லை?” என்றேன். பையன் முதலாளியைப் பார்த்தான், முதலாளி சீலிங் ஃபேனைப் பார்த்தார். பணம் மட்டும் திரும்பவில்லை.

அந்தக் கட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். தெரிந்தால்தான் வாதாட முடியும்.

எங்கள் காலத்தில் ஒரு உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டுமானால் லைட் டேபிளில் ஃபிலிமைப் போட்டு, வேண்டாத இடத்தையெல்லாம் மையால் அடைப்போம், அல்லது சிவப்பு மாஸ்க்கிங் தாளைப் பிளேடால் வெட்டி மேலே வைப்போம். மாஸ்க் நழுவினால் பின்னணி தெரிந்துவிடும். இன்றும் கதை அதேதான். பேரன் வெட்டிய பிஎன்ஜி படம் பிடிஎஃப்-க்குள் போகும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று படம், அது எப்போதும் நாலு மூலையுள்ள செவ்வகம்தான். மற்றொன்று எந்த இடம் தெரியலாம், எந்த இடம் பாதி தெரியலாம், எது தெரியவே கூடாது என்று சொல்லும் மாஸ்க். மறைந்த பகுதியில் பெரும்பாலும் கறுப்போ வெள்ளையோதான் நிரம்பியிருக்கும். அச்சடிக்கும் வழியில் ஏதோ ஒரு இயந்திரம் மாஸ்க்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால், செவ்வகம் முழுதாக வெளியே வந்து நிற்கிறது. அதுதான் நாம் பார்க்கும் கட்டம்.

ஏன் கண்டுகொள்ளாமல் விடுகிறது? அடோபி நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியில்தான் அச்சு இயந்திரங்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தன. அந்த மொழியில் பாதி தெரிவது என்ற பேச்சே கிடையாது. மேலே வைத்தது கீழே உள்ளதை முழுக்க மறைக்கும், அவ்வளவுதான். பிடிஎஃப் 1993-ல் வந்தது. அதற்குள் இந்த ஒளி ஊடுருவும் வித்தை நுழைந்தது 2001-ல், 1.4 என்ற பதிப்பில். ஆக, ஃபைல் புது மொழி பேசுகிறது, பல கடைகளில் மெஷினுக்குப் போகும் வழி இன்னும் பழைய மொழியில் இருக்கிறது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேலையை ஒரு மென்பொருள் செய்ய வேண்டும். அடுக்கடுக்காக உள்ளதை நறுக்கி ஒரே தளமாக ஒட்டும் இந்த வேலைக்கு ஃபிளாட்டனிங் என்று பெயர். அது ஒழுங்காக நடக்காவிட்டால் கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம், நிழல் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் திட்டு எல்லாம் வரும்.

மொழிபெயர்ப்பாளர் உளறினால் மூலத்தை எழுதியவனா பொறுப்பு? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதிலும் நம் தம்பிகள் ஒரு படி மேலே போய், கூடத்தை இடித்துக் கட்டும் செலவையும் நம்மிடமே கேட்கிறார்கள்.

இதில் அச்சகத்தாருக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. இதற்கென்றே சர்வதேசத் தர விதிகள் இருக்கின்றன. பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற 2001-ம் வருட விதி, ஃபைலுக்குள் ஒளி ஊடுருவும் சமாசாரமே இருக்கக் கூடாது என்கிறது. 2008-ல் வந்த பிடிஎஃப்/எக்ஸ்-4 அதை அப்படியே அனுமதிக்கிறது. “எங்கள் மெஷினுக்கு எக்ஸ்-1ஏ கொடுங்கள்” என்றோ “எக்ஸ்-4 போதும்” என்றோ கடைச் சுவரில் ஒரு அட்டை எழுதி மாட்ட எவ்வளவு செலவாகும்? “கடன் அன்பை முறிக்கும்” என்று மாட்டத் தெரிகிறதே.

வாடிக்கையாளர் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூகுளில் பிள்ளையார் படம் தேடி, பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாகத் தெரிவதைப் பார்த்து, இது பின்னணி இல்லாத படம் என்று நம்பி இறக்கிவிடுகிறார்கள். அந்தச் சதுரங்கள் படத்திலேயே வரைந்தவை, அப்படியேதான் அச்சாகும். பிஎன்ஜி படத்தை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகி மாஸ்க்கைத் தொலைத்துவிட்டுத்தான் போய்ச் சேரும். ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் வசதியே கிடையாது. டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும். வேர்டில் பிடிஎஃப் எடுக்கும்போது பிடிஎஃப்/ஏ என்ற இடத்தில் டிக் போட்டுவிடுவதும் உண்டு. அது ஆவணக் காப்பகத்துக்கான வகை. அதன் முதல் பதிப்பான 2005-ம் வருட விதியில் இந்த ஒளி வித்தைக்குத் தடை. 2011-ல் வந்த இரண்டாம் பகுதிதான் அதை அனுமதித்தது. லிப்ரே ஆபீஸிலும் இதே கண்ணி இருக்கிறது. இதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் திருத்திக்கொள்ள வேண்டியவை.

ஆனாலும் கேட்கிறேன். தப்பு யாருடையதாக இருந்தால் என்ன, 300 அட்டை அடிக்கும் முன் முதல் அட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? சதுரம் சதுரமாகப் பிள்ளையாருக்குப் பின்னால் தெரிவது மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணில் படாதா? எழுத்து கோக்கிற காலத்தில் காலி ப்ரூஃப், பக்க ப்ரூஃப் என்று பார்த்து, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தாளை மெஷினில் ஏற்றுவோம். கையெழுத்துக்குப் பிறகு தப்பு தெரிந்தால் அவர் செலவு, எங்கள் கையில் கெட்டால் எங்கள் செலவு. தகராறே வராது. இன்று ஒரு தாள் ப்ரூஃப் எடுப்பது அன்றைவிட நூறு மடங்கு சுலபம், டிஜிட்டல் மெஷினில் ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த வழக்கம்தான் செத்துப்போனது. வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன் ஷாட்டை அனுப்பி “ஓகேவா சார்?” என்கிறார்கள். திரையில் சரியாகத் தெரிவது அச்சிலும் சரியாக வரும் என்றால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லையே!

கட்டம் வந்த பிறகு அவர்கள் சொல்லும் வைத்தியம் இன்னும் கொடுமை. “முழுப் பக்கத்தையும் ஜேபெக்கா மாத்திக் கொடுங்க.” கட்டம் போய்விடும், வாஸ்தவம். கூடவே எழுத்தும் போய்விடும். பிடிஎஃப்-ல் எழுத்து என்பது கோடுகளால் ஆன உருவம், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாக நிற்கும். ஜேபெக் ஆக்கினால் அது புள்ளிகளால் ஆன புகைப்படம். பெரிய தலைப்பில் தெரியாது. பத்துப் புள்ளி அளவில் தமிழைப் பாருங்கள். மெய்யெழுத்தின் மேல் வைத்த புள்ளி பூஞ்சை பிடித்த மாதிரி மங்கும். ணகரச் சுழியும் னகரச் சுழியும் அடைத்துக்கொள்ளும். நம் வயசுக் கண்ணுக்கு நல்லெழுத்தே சிரமம்! நான் அந்தக் கடையில் போடச் சொன்ன டிக்கும் இந்த வகை மருந்துதான். இருக்கிற மெஷினில் ஓர் அவசரத்துக்கு, பெரிய எழுத்தில் நாலு வரி உள்ள அட்டைக்குப் பரவாயில்லை. 60 பக்க மலருக்கு அதைச் செய்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

சரியான வைத்தியம் படத்தை மட்டும் சரி செய்வது. வெள்ளைத் தாளின் மேல் வரும் லோகோவுக்கு மாஸ்க் எதற்கு? பின்னணியை வெள்ளையாகவே நிரப்பி வைத்துவிட்டால் ஆயிற்று. பூ, மஞ்சள் பட்டை இவற்றின் மேல் வருகிற படமானால், பேரனிடம் சொல்லிப் படத்தையும் பின்னணியையும் சேர்த்து ஒரே படமாக்கி 300 டிபிஐ-யில் வைத்து, எழுத்தைத் தனியாக அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். எழுத்து எப்போதும் எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கில் இருக்க வேண்டும். நிழலுக்கு அடியில் மாட்டிய எழுத்தை ஃபிளாட்டனிங் தொடும், சில வரி மட்டும் தடித்துப்போய் வரும். மஞ்சள் பட்டையில் படத்தைச் சுற்றி லேசாக வேறு மஞ்சளில் ஒரு செவ்வகம் தெரிகிறதா? அது பெரும்பாலும் திரை நிறமும் அச்சு நிறமும் ஒரே பக்கத்தில் கலந்ததால் வருவது. எல்லாவற்றையும் சிஎம்ஒய்கே-க்கு மாற்றச் சொல்லலாம், கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். திரையில் மட்டும் தலைமுடி போல வெள்ளைக் கோடு தெரிந்து, பெரிதாக்கியும் தடிக்காமல் அப்படியே இருந்தால் பயப்பட வேண்டாம், அநேகமாகத் திரையின் கோளாறுதான், தாளில் வராது.

சின்னக் கடைக்காரர்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. புது மென்பொருள் விலை அதிகம், பக்கத்துத் தெருவில் அட்டைக்கு ஐம்பது காசு குறைத்து அடிக்க ஆள் இருக்கிறார். “எங்க மெஷின் பழசு சார், இந்த நிழலெல்லாம் வராது” என்று உண்மையைச் சொன்னால் நானே படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். பழைய மெஷினை யாரும் குறை சொல்லவில்லை. அதை மறைத்துவிட்டு, மனைவியை இழந்த மனிதரிடம் ஃபைல் சரியில்லை என்று இரண்டாவது தடவை பணம் வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

வருகிற சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். நம் மலரை அச்சுக்குக் கொடுக்கும்போது, அதே தாளில், அதே மெஷினில் எடுத்த ஒரு ப்ரூஃபில் செயலாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மீதி வேலை, பாதிக்கு மேல் முன்பணம் கிடையாது. கையெழுத்தான ப்ரூஃபுக்கும் வந்த தாளுக்கும் வித்தியாசம் இருந்தால் மறு அச்சு அச்சகத்தார் செலவு. கட்டம் விழுந்த பத்திரிகை, அட்டை யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். நண்பரின் அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது.