காற்று என்னும் மெத்தை

மழைக்காலத்தில் கொட்டகலையிலிருந்து தோட்டத்து லயங்களை நோக்கி ஏறும் பாதையில் ஒரு தடவையேனும் வண்டியிற் சென்றவர்க்கு இக்கட்டுரையின் பொருளை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஹட்டன் – நுவரெலியா வீதியில் அமைதியாக வந்த அதே ஜீப், தோட்டப் பாதையில் திரும்பியதும் நம் எலும்புகளை எண்ணத் தொடங்கிவிடும். பாதை மோசம் என்போம். வண்டி பழையது என்போம். இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் டயரை மட்டும் எவரும் நினைப்பதில்லை.

காற்றடைத்த டயர் வேகத்துக்காகப் பிறந்ததன்று; சுகத்துக்காகவே பிறந்தது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சக்கரச் சைக்கிள் குலுங்காது ஓடவேண்டும் என்றே அதனை ஆக்கினார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1876இல், நம் நாட்டின் ஹெனரத்கொடையில் றப்பர்க் கன்றுகள் வேரூன்றிவிட்டன.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் றப்பர் அன்று, உள்ளேயிருக்கும் காற்றேயாகும். சக்கரம் ஒரு கல்லின் மீது ஏறும்போது டயர் சற்றே நசுங்கி அக்கல்லைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. எஞ்சிய அதிர்ச்சியே வில்லுக்கும், அதன்பின் நம் முதுகுக்கும் வந்து சேர்கிறது. ஆகவே டயரின் பக்கச்சுவர் உயர்ந்திருந்தால் நசுங்குவதற்கு இடம் அதிகம்.

மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். டயரின் பக்கத்தில் 235/75 ஆர் 15 என்று எழுதியிருந்தால், அகலம் 235 மில்லிமீற்றர். பக்கச்சுவர் அதில் நூற்றுக்கு 75 பங்கு, அதாவது 176 மில்லிமீற்றர். இரும்பு வளையத்தின் விட்டம் 15 அங்குலம். 235/60 ஆர் 18 என்னும் டயரும் மொத்த உயரத்தில் ஏறத்தாழ அதற்குச் சமமே. ஆனால் அதன் பக்கச்சுவர் 141 மில்லிமீற்றர்தான். பெரிய வளையம் பார்வைக்கு அழகு. கற்பாதையிலோ 35 மில்லிமீற்றர் மெத்தையை இழந்தவராவோம்.

அடுத்தது டயரின் முகம். அகன்ற பள்ளங்களையுடைய சேற்று டயர், வழுக்கும் களிமண்ணில் நன்கு பற்றும். தார் வீதியிலோ அது இரைச்சலிடும், அதிரும், மழையில் நிறுத்தும்போது பிடிப்பும் குறையக்கூடும். பாதி வழி தாரும் பாதி வழி கல்லுமாக ஓடும் மலைநாட்டு வண்டிக்கு இரண்டுக்கும் நடுத்தரமான டயரே பொருத்தமானது. தேவைக்கு மிஞ்சிய கனமும் பல அடுக்கும் கொண்ட டயரை மாட்டினால், அது வளைய மறுத்து ஒவ்வொரு குழியையும் நமக்கு அறிவிக்கும்.

செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் காற்றுள்ள ஜீப்பில், பாரம் குறைவாயிருக்கையில் நாலைந்து இறாத்தலைக் குறைத்து மெல்ல ஓட்டினால் குலுக்கல் தணியும். பெருவீதிக்குத் திரும்புமுன் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கலாம். கூரிய கற்கள் அதன் பக்கச்சுவரையும் கிழிக்கலாம்.

இத்தனையும் சொகுசுக்காரரின் கவலை என்று எண்ணற்க. பிரசவ வேதனையுற்ற பெண்ணையும், எலும்பு முறிந்த தொழிலாளியையும் லொறியில் ஏற்றி இறக்கிய கதைகள் நம் தோட்டங்களில் ஒன்றிரண்டல்ல. கொழுந்து மூட்டைகளின் பாரத்துக்கென விறைப்பாக அமைந்தவை லொறியின் வில்லும் டயரும். மூட்டைகளின்றி நாலு பேர் மட்டும் ஏறினால் அவை இணங்கிக் கொடுப்பதில்லை; ஆளைத் தூக்கி எறிகின்றன. டிராக்டர்ப் பெட்டிகளிற் பலவற்றுக்கு வில்லே இல்லை. அங்கே டயர் ஒன்றே மெத்தை. நோயாளி படும் துன்பத்துக்குச் சாரதியின் அவசரம் மட்டுமன்று, வண்டியின் இயல்பும் காரணமாகிறது.

ஆதலால் தோட்டத்தில் நோயாளருக்கென ஒரு வண்டி வேண்டும் எனக் கேட்போர், வண்டி எது என்பதோடு நின்றுவிடாமல் அதன் டயர் எது, எத்தனை ஆண்டுப் பழையது என்றும் கேட்கவேண்டும். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அதைக் கூறிவிடும்: 1223 என்றால் 2023ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. பாதையைச் செப்பனிடும் பொறுப்பு பெரியோருடையது. அது நிறைவேறும் நாள்வரை, காற்றை அளந்து அடைக்கும் பொறுப்பையாவது நாம் ஏற்போமாக.