எம்.ஃபில். போனது யாருக்கு நல்லது?

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கச்சி மகன் ஒருவன், "எம்.ஃபில்.லை எடுத்தது நல்லதாப் போச்சு பெரியம்மா, அது வெறும் பேப்பர் டிகிரி" என்று போட்டிருந்தான். அதற்குப் பத்துக் கட்டைவிரல்! அங்கே பதில் எழுதினால் பொங்கல் வரைக்கும் சண்டை நீளும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். ஆராய்ச்சி செய்தவள் இல்லை. ஆனால் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மூன்று பெண் பிள்ளைகள் பொருளாதாரத்தில் எம்.ஃபில். முடித்தார்கள். மூன்று வீட்டிலும் அதற்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

அதில் ஒருத்தியின் அம்மா திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கப் போனவர். மகள் அதையே ஆய்வுக்கு எடுத்தாள். மாதத்தில் எத்தனை நாள் வேலை, முன்பணம் வாங்கினால் கூலியில் எவ்வளவு பிடித்தம், வெங்காய விலை ஏறும்போது கூலியும் ஏறுகிறதா என்று பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினாள். வெளியாள் நோட்டோடு போய் நின்றால் முதலாளி காது கேட்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இவளிடம் சொன்னார்கள். இது பேப்பர் டிகிரியா?

ஊர்க் கணக்கை ஊர்ப் பிள்ளை எடுப்பது நம் பொருளாதாரப் படிப்பின் ஆரம்பத்திலேயே இருந்த வழக்கம். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி, நிலம் யார் கையில், கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதச் சொன்னார். 1918இல் அது புத்தகமானது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் எல்லாம் அதில் உண்டு. 1930களில் அதே ஊர்களுக்கு மறுபடியும் போய்க் கணக்கெடுத்தார்கள். 1980களிலும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். மாணவப் பிள்ளைகள் எழுதிய கணக்கு அத்தனை வருஷம் உதவியிருக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். வேண்டாம் என்றது. 2022 நவம்பரில் யுஜிசி விதிமுறை அதை நிறுத்தியது. 2023 டிசம்பரில், யாரும் இதில் சேராதீர்கள் என்று எச்சரிக்கையும் விட்டார்கள். (முன்பே முடித்த பிள்ளைகள் பயப்பட வேண்டாம், உங்கள் பட்டம் செல்லும்.)

"நேரா பிஎச்.டி. சேரட்டுமே" என்கிறான் தங்கச்சி மகன். பிஎச்.டி. குறைந்தது மூன்று வருஷம், ஆறு வரைக்கும் இழுக்கலாம். வேடசந்தூர் பக்கத்து அப்பா ஒருவர், "ஒரு வருஷம்தானே, முடிச்சிட்டு வரட்டும்" என்று சொல்வார். மூன்று வருஷம் என்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார். இதை நான் விரும்பிச் சொல்லவில்லை, நாற்பது வருஷமாகப் பார்த்ததைச் சொல்கிறேன். 2024இலிருந்து பிஎச்.டி. சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணும் வந்துவிட்டது. அந்தத் தேர்வில் பொருளாதார வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் எம்.ஏ. படித்தவள் எங்கே போவாள்?

ஜெராக்ஸ் கடையில் ஆய்வேடு விற்றது பொய்யா என்று கேட்பீர்கள். உண்மைதான். ஊக்க ஊதியத்துக்காகவே எம்.ஃபில். முடித்த வாத்தியார்களையும் எனக்குத் தெரியும். ஆனால் 2020 மார்ச்சிலேயே தமிழக அரசு அந்த ஊதிய உயர்வை நிறுத்திவிட்டது. பணத்துக்காக வந்த கூட்டம் தானாகவே கலைந்திருக்கும். நிஜமாகப் படிக்க வந்தவள்தான் மிச்சம் இருந்திருப்பாள், அவளுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். திருட்டு ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்ட வழிகாட்டிகளில் எத்தனை பேரைக் கேள்வி கேட்டார்கள்?

எம்.ஃபில். என்ற பெயரைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்று வருஷப் பட்டம் முடித்தவர்களுக்கு எம்.ஏ.வின் இரண்டாம் வருஷத்தை முழுக்க ஆய்வுக்கே ஒதுக்கலாம் என்று அதே 2020 கொள்கையில் எழுதியிருக்கிறது. எடுத்தது அங்கிருந்து என்றால் இதையும் அங்கிருந்தே எடுங்கள். காந்திகிராமம் நம் பக்கத்தில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில், காமராசர் பல்கலைக்கழகம் மதுரையில். நிலக்கோட்டைப் பூ, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, சின்னாளபட்டித் தறி, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பூட்டு என்று தலைப்புக்கும் பஞ்சமில்லை. குறியீடு வந்தபிறகு பூட்டுப் பட்டறைக்காரர் கையில் எவ்வளவு கூடியது என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டாமா? ஆய்வேட்டைத் தமிழில் எழுதவும் விடுங்கள்.

கல்லூரிகளில் பொருளாதாரத் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் பாடத்திட்டக் குழுவில் இதைப் பேசுங்கள். மனு எழுதினால் எனக்கு அனுப்புங்கள், எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.