மலைக்குப் போறோம், மலையைப் பார்க்கிறோமா?

"திருச்செங்கோடா? அங்கே பார்க்க என்ன இருக்கு? கார்ல மேலே போனா அரை மணி நேரத்துல சாமி பார்த்துட்டு வந்துடலாம்." பள்ளிபாளையத்தில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். இதே ஆட்கள்தான் இங்கிலாந்துக்குப் போனால் கேன்டர்பரி தேவாலயத்துக்கு டிக்கெட் எடுத்து, ஒவ்வொரு கல்லையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து ஊர் மலை என்ன பாவம் செய்தது?

ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். வழியில் பாறையில் செதுக்கிய சுமார் 60 அடி நீள நாகம். ஒரு காலத்தில் ஊர் வழக்குகளில் சத்தியம் வாங்கிய அறுபதாம் படி. உச்சியில் பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரர். சம்பந்தர் பாடிய தலம். காரில் போகிறவனுக்கு நாகமும் கிடையாது, அறுபதாம் படியும் கிடையாது. பார்க்கிங் மட்டும்தான்!

"கோயில் கும்பிடும் இடம்ப்பா, சுற்றிப் பார்க்கும் இடமில்லை" என்று ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். கேன்டர்பரியிலும்தான் தினமும் வழிபாடு நடக்கிறது. கும்பிடுகிறவனுக்குக் கண் இருக்கக் கூடாதா என்ன?

எனக்கு உண்மையான கோபம் வேறு. 1170-ல் மன்னனின் ஆட்கள் பேராயர் தாமஸ் பெக்கெட்டை அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அவமானம் என்று அதை மூடி மறைக்கவில்லை. கொலை நடந்த இடத்தில் வாள்களைச் சிற்பமாக மாட்டி, வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? இந்த மலையையும் அதன் தேர்த்திருவிழாவையும் வைத்துப் பெருமாள்முருகன் 2010-ல் 'மாதொருபாகன்' நாவலை எழுதினார். நாலு வருஷம் கழித்துப் போராட்டம், புத்தக எரிப்பு, கடையடைப்பு. 2015 ஜனவரியில் "எழுத்தாளன் செத்துவிட்டான்" என்று அவரே அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விட்டோம். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகுதான் மறுபடி எழுத வந்தார்.

நாவல் பிடிக்காதவர்கள் இருக்கலாம். ஊர்ப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று நினைப்பவர்கள் பதிலுக்கு நாலு கட்டுரை எழுதியிருக்கலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் ஊர்ப் பெருமையைக் காக்கக் கிளம்பியவர்களில் எத்தனை பேர் அந்தப் படிகளை ஒருமுறையாவது நின்று பார்த்து ஏறியிருப்பார்கள்? தன் ஊரை முழுசாகத் தெரிந்தவன் ஒரு கதையைப் பார்த்துப் பயப்பட மாட்டான் என்பது என் கட்சி. பார்க்காமல் வரும் பெருமை சீக்கிரம் கோபமாகிவிடுகிறது.

அடுத்த ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன் நான் படி வழியாகப் போகிறேன். கூட வர நினைக்கும் வகுப்பு நண்பர்கள் கையைத் தூக்கலாம். கார் வேண்டாம், தண்ணீர் பாட்டில் போதும் :-)

பி.கு: திட்ட நினைப்பவர்கள் ஒருமுறை மலை ஏறிவிட்டு வந்து திட்டவும். மூச்சு வாங்குவதால் கொஞ்சம் குறைவாகத் திட்டுவீர்கள்!